ரெக்கார்டில் மெஷின்தான் உடைத்தது

இன்று காலை ஈஜிபுரா மாரியம்மன் கோயிலில் பழைய டியூப் லைட்டைப் பூசாரி கழற்றும்போது கை நழுவி விழுந்து உடைந்தது. வெள்ளைத் தூள் தரையெல்லாம் பரவியது. நான் பழக்கத்தில் முந்தானையை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். "தொடாதீங்கம்மா, பாதரசம் இருக்கு, விஷம்" என்று பூசாரி தடுத்தார். இதே தூளைத்தான் அப்போதெல்லாம் நீ டிபன் டப்பாவில் கொண்டுவந்து கொடுப்பாய். நான் குத்துவிளக்கு தேய்ப்பேன்.

நீ என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் விட்டுப் போனதும் வாணியம்பாடியிலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். டியூப் லைட் பெட்டியில் அச்சடித்திருந்ததை உனக்குப் படித்துக் காட்டியது நான்தான். பழசை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், அழிப்பது எங்கள் பொறுப்பு என்று போட்டிருந்தது. "செஞ்சவனே திரும்ப வாங்கி அழிக்கணும்னு சட்டமே வந்திருக்குடி. பெரிய கம்பெனி வேலை. அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்றேன். என் மகன் பழைய டியூப்களை ஏற்றிவரும் வண்டி ஓட்டுகிறான். அவனிடம் சொல்லி அத்திபெலேயில் அவற்றை அழிக்கும் ஷெட்டில் உன்னைச் சேர்த்துவிட்டேன்.

கம்பெனி அழிக்கும் வேலையை ஒரு ஏஜென்டிடம் கொடுத்தது. ஏஜென்ட் உன் கையில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்தான். தகரக் கொட்டகையில் வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, டிரம்முக்குள் டியூப்களை ஒவ்வொன்றாக உடைத்தாய். அலுமினிய மூடி ஒரு சாக்கு, கண்ணாடி ஒரு சாக்கு. தூளை மட்டும் கேட்பார் இல்லை. சாம்பலைவிடப் பித்தளைக்கு அது நல்லது என்று கண்டுபிடித்தவள் நீதான்.

"சாமிக்கு மேக்கப் சாமான் சப்ளை நான்தான் அண்ணி. உங்க புண்ணியத்துல பாதிய என் பேருக்கு எழுதிடுங்க."

"கோயில் வாசல மிதிக்காதவளுக்கு வாய மட்டும் பாரு" என்பேன்.

பிறகு உன் கை நடுங்க ஆரம்பித்தது. ரசம் டம்ளரைத் தூக்கினால் பாதி புடவையில் இருக்கும். ஈறில் ரத்தம். நான் சும்மா இருந்தேனா? "ஒரு வெள்ளிக்கிழமையாவது தலைக்கு ஊத்திட்டு வந்து கும்பிட்டிருந்தா இப்படி ஆகுமா" என்று சோறு போடும்போதெல்லாம் குத்தினேன். தெய்வத்தின் தண்டனை என்றே நம்பினேன். டாக்டர்தான் என்ன வேலை என்று கேட்டார். அந்தத் தூள்தான் காரணம் என்று சொல்லி, புகார் எழுதிக் கொடுங்கள், வைத்தியச் செலவு அவர்கள் பொறுப்பு என்றார். அவரே உட்கார்ந்து எழுதியும் கொடுத்தார்.

விசாரிக்க ஆபீஸர் வருவதற்கு முந்தின நாள் ஏஜென்ட் வந்தான். "அக்கா, ரெக்கார்டுல மெஷின்தான் ஒடைக்குது. இவங்க ஒடைச்சாங்கன்னு சொன்னா மெஷின் எங்கேன்னு கேப்பாங்க. ஷெட்டுக்குப் பூட்டு. ஒங்க பையனும் வீட்ல ஒக்காரணும். சும்னே எதுக்கு அக்கா வீண் வம்பு?"

மறுநாள் ஆபீஸர் நம் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இவர் அந்த ஷெட்டில் வேலை செய்தாரா என்று என்னைத்தான் கேட்டார், வீட்டுக்குப் பெரியவள் என்று. நீ பக்கத்தில்தான் இருந்தாய், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

"இல்ல சார். வந்ததுலேருந்து வீட்லதான் இருக்கா. அம்மன் மேல சத்தியம்."

ஆபீஸர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க சார். தினம் கோயிலுக்குப் போறவங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். என் மகனுக்காகச் சொன்னாயா, என் மனசை அறுக்கவே சொன்னாயா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று மாதத்தில் போய்விட்டாய். காரியம் எதிலும் குறை வைக்கவில்லை. ஏஜென்ட் பெரிய மாலையாக அனுப்பினான். எல்லா டியூப்பும் பத்திரமாக அழிக்கப்பட்டன என்று கம்பெனி கொடுத்த சான்றிதழ் இப்போது ஷெட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதாம். மகன் சொன்னான்.

இன்று சாயங்காலம் ஏஜென்ட் ஃபோன் செய்தான். "அக்கா, கை நிதானமா வேலை செய்யுற பொம்பளைங்க ஒங்க சொந்தத்துல யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

மாட்டேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. "பாக்கறேன் தம்பி" என்றேன்.

உன் சித்தி மகள் ஒருத்தி தாலியறுத்து ஊரில் கஷ்டப்படுகிறாளே, அவள் நம்பர் என் ஃபோனில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை. அந்த நம்பரை அழிக்கவும் இல்லை.