திறக்காத சாலையில் நீ ஓட்டிய ஸ்கூட்டர்

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் செருப்பின் அடியில் தார் ஒட்டியிருந்தது. நேற்று நம் தெருமுனையில் சாலை போட்டார்கள், கவனிக்காமல் மிதித்துவிட்டேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அந்த இரண்டு வாசனையும் கலந்து வந்ததும், துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர், "என்ன, அவ ஞாபகமா?" என்றார். உன் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை, பார்.

ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து, நகரத்துக்கு வெளியே ஒரு நெடுஞ்சாலை வேலையில் நாம் இருவரும் சேர்ந்திருந்த காலம் அது. பழைய தாரை இயந்திரம் சுரண்டிக்கொண்டு முன்னால் போகும். பின்னாலேயே நாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியைக் கூட்டித் தள்ள வேண்டும். அதற்கு மேல் பிடிப்புக்காக மெல்லிசாகத் தார் தெளிப்பார்கள். பிறகு லாரியில் புகைந்துகொண்டு வரும் ஜல்லிக் கலவை, கடைசியில் ரோலர். மேஸ்திரி போதும் என்றாலும் நீ பிரஷ்ஷை விடமாட்டாய். "தூசி மேல தார் ஊத்துனா, மொத மழைக்கே அப்பளமாட்டம் பேந்து வந்துரும் புள்ள" என்பாய்.

ஆனால் அந்த வேலை நகரவே நகராது. தார் லாரி வராது. வந்தால் மழை வரும். மழை விட்டால் ரோலர் கிளம்பாது. ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் வண்டிகளை விடும்போது, ஊர்ந்து போகிறவர்கள் தலையை நீட்டித் திட்டுவது நம்மைத்தான். "எஷ்டு வர்ஷ மாடுத்தீரம்மா?" என்று ஒருவர் கத்தினார், இன்னும் எத்தனை வருஷம் போடுவீர்கள் என்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ தலையில் கட்டிய துணியை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, "எறங்கி வந்து நீங்களும் ஒரு கை புடிங்க சாமி, சாயந்தரத்துக்குள்ள முடிச்சுரலாம்" என்றாய். கோபமாக வந்த மனிதர் சிரித்துக்கொண்டே போனார்.

ஒருவழியாக நம் பகுதி முடிந்தது. சுருக்கமில்லாத, பளபளக்கும் கறுப்புச் சாலை. ஆனால் திறக்கவில்லை. திறந்துவைக்க வேண்டியவருக்கு நாள் ஒழியவில்லையாம். பக்கத்து மண்பாதையில் ஜனங்கள் பள்ளத்தில் விழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்க, இது சும்மா கிடந்தது. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். நீ மட்டும் மேஸ்திரியிடம் போய்க் கையை நீட்டினாய்.

"உங்க ஸ்கூட்டர் சாவியக் குடுங்க மேஸ்திரி."

"எதுக்கும்மா?"

"இத்தன நல்ல ரோட்டுல பழகலீன்னா வேற எங்க போய்ப் பழகறதுங்க?"

உனக்குச் சைக்கிள்கூட வராது என்று உன் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நீ ஓட்டுவாய். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவேன். முதல்முறையாக நான் கையை விட்ட அன்றைக்குத்தானா அதிகாரிகள் பார்வையிட வர வேண்டும்? சாலை நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நீ நேராகப் போனாய். "நகருங்க சாமி! பிரேக்கு மறந்துபோச்சு!"

திசைக்கொருவராகச் சிதறினார்கள். நீ அவர்களைத் தாண்டிப் போய், சாலை முடிகிற இடத்தில் கொட்டியிருந்த மணலில் வண்டியோடு ஏறி உட்கார்ந்தாய். உனக்கு என்ன ஆயிற்றோ, நம் வேலை போயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடி வந்தேன். மேஸ்திரியின் முகத்தில் உயிரே இல்லை. பெரிய அதிகாரி, "யாரும்மா உன்ன இதுல ஓட்டச் சொன்னது?" என்று அதட்டினார்.

நீ மணலைத் தட்டிவிட்டு எழுந்தாய். "நாங்க போட்ட ரோடுங்க. ஓட்டிப் பாத்தேன், ஒரு குலுக்கல் இல்லீங்க. நீங்களும் ஒருக்கா ஓட்டிப் பாருங்க. நல்லாருந்தா ஜனத்துக்குத் தொறந்து விட்ருங்க."

அவர் குனிந்து சாலையைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நம்மை விட்டுவிட்டு மேஸ்திரியிடம், "மொதல்ல பிரேக்க சொல்லிக்குடுய்யா" என்றார். அடுத்த வாரமே ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள். அது உன்னால்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் மறுத்ததில்லை.

பிறகு லைசென்ஸ் எடுத்தாய். சொந்தமாகப் பழைய வண்டி ஒன்று வாங்கினாய். உன் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து உன் தோளைப் பிடித்தபடி சந்தைக்குப் போன அழகை நம் தெருவே வாசலில் நின்று பார்த்தது. என்னையும் விடாமல் ஓட்டப் பழக்கினாய். போன வருஷம் காய்ச்சலில் படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் வண்டி எனக்கு வந்தது. அழுதுகொண்டேதான் சாவியை வாங்கினேன். ஓட்டத் தொடங்கியதும் அழ முடியவில்லை.

சாமராஜநகர் சாலையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, கொடி பிடித்து நின்ற பெண்ணிடம், "சாப்டியாம்மா?" என்றேன். நம் ஊர்ப் பக்கத்துப் பெண். ஆச்சரியமாகப் பார்த்தாள். பார்வை மெல்ல வண்டிக்கு இறங்கியது.

"அக்கா, இதப் பழகறதுக்கு ரொம்ப நாளாகுங்களா?"

"பயப்படாத புள்ள," என்றேன். "இந்த ரோடு முடியறதுக்குள்ள நீ லாரியே ஓட்டலாம்."

உன் குரல் அப்படியே என் வாயில் வந்தது. அவள் கொடியைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.