பன்னிரண்டரைக்கு அறுகிற இணைப்பு

ஏப்ரல் 21, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்றும் மதியம் பன்னிரண்டரைக்கு நெட் போனது. ஐந்தாவது நாள். சொல்லி வைத்தாற்போல.

நெட் கம்பெனிக்காரனிடம் ஒப்பிக்க:
– மோடம்: கோழி ஷெட்டின் வெளிச்சுவரில், உச்சியில். சிம் அதில்தான். டவர் விளக்கு பச்சை.
– ரவுட்டர்: ஷெட் வாசல் அறையில். பேட்டரி உண்டு. இண்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு.
– நடுவில் ஒரு கேபிள்.
ஆக, டவர் மேல் பழி போட முடியாது.

பதினெட்டாயிரம் கோழி, நாலு பக்கமும் மூடிய ஷெட். ஃபேன் நின்றால் என் போனுக்கு மெசேஜ் வரவேண்டும். வராவிட்டால் இந்த வெயிலில் கால் மணி நேரம் தாங்காது. பண்ணை மேனேஜர் நான். செத்தால் என் தலைதான்.

போனில் அவன்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்." இதைச் சொல்ல ஒரு ஆள், அதற்கு ஒரு சம்பளம்.

22, செவ்வாய்

சேலத்திலிருந்து டெக்னீஷியன். காலையில் மோகனூர்ப் பக்கம் வேறொரு பண்ணைக்குப் போய்விட்டு வந்தானாம். நோய் ஒட்டிக்கொண்டு வரும், உள்ளே விட முடியாது. கேட்டுக்கு வெளியே நின்று லேப்டாப்பைத் தட்டினான். "செட்டிங் எல்லாம் சரிங்க. கேபிள் விட்டுப்போனதாத்தான் காட்டுது. உள்ள யாரோ புடுங்கறாங்க."

நானே போனேன். ஒவ்வொரு தடவையும் குளியல், உடை மாற்றம், காலுக்கு மருந்துத் தண்ணீர். ஒரு ஒயரைப் பார்க்க ஒரு குளியல். ஈரத்தலையோடு போய்ப் பார்த்தால் எல்லா விளக்கும் பச்சை. சனியன்.

ரவுட்டர் பக்கத்தில் ஒரு செல்போன் சார்ஜர். ராசாத்தியுடையது. அவளும் புருஷனும்தான் ஷெட் வேலைக்கு, குடியிருப்பும் பண்ணையிலேயே. பிடித்துக் கத்தினேன்.

"நானு ஒண்ணையும் புடுங்கலைங்க மேடம். சார்ஜருக்கு வேற பிளக்குங்க."

நம்பவில்லை. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

23, புதன்

12.50க்கு ஃபேன் போர்டில் மெயின் பிரேக்கர் விழுந்தது. அத்தனை ஃபேனும் நின்றன. என் போன் ஊமை. நான் ஆபீஸில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன்.

ராசாத்திதான் ஃபேன் சத்தம் நின்றதைக் கேட்டு ஓடியிருக்கிறாள். புருஷனும் அவளுமாக, வெளிக்காற்று வரட்டும் என்று பக்கப் படுதாக்களை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அறுபத்திரண்டு செத்தன. மீதி பிழைத்தன.

முதலாளி வந்தார். மெசேஜ் ஏன் வரவில்லை என்றார். நெட் இல்லை என்றேன்.

"அந்தப் பொம்பளை ஒயரைப் புடுங்குதுன்னு நீதான அம்மிணி சொன்ன? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடு."

காப்பாற்றினவளுக்கு இது. சாயங்காலம் நானே போய் அவளிடம் சொல்லியும் விட்டேன். என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

24, வியாழன்

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பன்னிரண்டுக்கே குளித்து, வாசல் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். புழுக்கம்.

12.25. ராசாத்தி ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். தினசரி கிருமி மருந்து. சுவர், செருப்பு, வாளி, ரவுட்டர், கேபிள் சொருகும் இடம், எல்லாவற்றுக்கும் சொட்டச் சொட்ட. விளக்கு சிவப்பு.

"ரவுட்டருக்கு அடிக்க யார் சொன்னது?"

"நீங்கதானுங்க. ஒரு சாமானையும் உடாம அடிக்கோணும்னு எழுதி ஒட்டுனீங்களே."

சுவரில் என் எழுத்து. 'ஒரு சாமானையும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. புதுச்சத்திரத்துப் பக்கம் கோழி நோய் என்று கேள்விப்பட்டுப் போன வாரம் ஒட்டியது. கேபிளைக் கழற்றினேன். முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. மருந்தில் நனைந்தால் நெட் அறுகிறது, காய்ந்தால் தானே வருகிறது.

நான் கத்தினபோது இவள் இதைச் சொல்லியிருக்கலாம். கத்துகிறவளிடம் எதைச் சொல்வது.

25, வெள்ளி

புதுக் கேபிள், புது ரவுட்டர், அதை வைக்க மூடி போட்ட பெட்டி. 12.30, 1.00, 1.30 – பச்சை.

தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன். "சரி உடு. இருக்கச் சொல்லு." அவ்வளவுதான். அவருக்கு ஒரு வாய்ச்சொல்.

ராசாத்தி வீட்டுக்குப் போனேன். பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. காலி பண்ண வேண்டாம், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஆகட்டுங்க."

சாக்கை அவிழ்க்கவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"எதுக்கு மருந்து அடிக்கோணும், எதுக்கு அடிக்கக்கூடாது, எழுதிக் குடுத்துருங்க மேடம். நான் புடுங்கலைங்கறதையும் எழுதுங்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போடச் சொன்னாள்.