பூக்குழிக்கு நேர்ந்துவிட்ட கால்

16 மார்ச் 1948, செவ்வாய்
சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது! ஏப்ரல் 9 அன்று கால்பந்துத் தேர்வு ஆட்டம். அதில் தேறினால் கல்கத்தா. அங்கேயும் தேறினால் லண்டன் ஒலிம்பிக், இந்திய அணி. எங்கள் கேப்டன் துளசிராம் அண்ணன் மூன்று தரம் வாசித்தார். "சோலை, நம்ம பரவை ஊருக்காரன் ஒருத்தன் வெள்ளக்காரன் மண்ணுல ஆடப் போறான்டா" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

17 மார்ச்
அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "மாரியம்மனுக்கு நேந்திருக்கேன்டா. இந்தப் பங்குனிக்கு நீ பூக்குழி இறங்கணும்" என்கிறாள்.

வெறுங்காலால் பந்தடிக்கிறவன் நான்! என் காலை நேர்ந்துவிட என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மொட்டை என்று நேர்ந்திருந்தால் தலையைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேனே. அலகு குத்தச் சொல்லியிருந்தால் நாக்கை நீட்டியிருப்பேன். ஊரில் வேறு நேர்த்தியே இல்லையா?

22 மார்ச்
துளசிராம் அண்ணன் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "அடுத்த வருசம் இறங்கட்டும்மா, அம்மன் எங்க போயிறப் போகுது?" அம்மா அசையவில்லை. "கடனை வச்சுக்கிட்டுக் கடல் தாண்டுவானா?" இரண்டு நாளாக அவள் சோறு தொடவில்லை. என்ன செய்ய? நாளைக்குக் காப்புக் கட்டுகிறேன். தணலில் பத்து எட்டுத்தான். வருசா வருசம் கிழவிகள்கூட இறங்கி ஏறுகிறார்கள்.

30 மார்ச்
இறங்கினேன்.

1 ஏப்ரல்
இரண்டு பாதமும் கொப்புளம். இடதுகால் விரலிடுக்கில் கங்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தரையில் ஊன்ற முடியவில்லை.

அது போகட்டும். ஊர் பேசுகிற பேச்சுத்தான் தாங்க முடியவில்லை. சுத்தமாக இருந்தால் அம்மன் சுடமாட்டாளாம். டீக்கடை விருமாண்டி கேட்கிறான்: "காப்புக் கட்டிட்டு டவுனுக்குப் போயி கறி தின்னியாமே?" எட்டு நாள் தரையில் படுத்து, ஒருவேளைச் சோறு தின்று, பச்சைத் தண்ணீரில் குளித்தவன் நான்! சரி, அவன் கிடக்கிறான். அம்மா? ஊரே கூடி நிற்கும்போது என் காலைப் பார்த்துவிட்டு, "என்னடா தப்புப் பண்ணுன?" என்றாள். பெத்தவ கேக்குற கேள்வியா இது? இத்தனை பேர் முன்னால்?

9 ஏப்ரல்
இந்நேரம் சென்னையில் விசில் ஊதியிருப்பார்கள். காலில் சோற்றுக் கற்றாழை.

14 ஏப்ரல்
வேறு தேதி கேட்டு அண்ணன் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. ஒரே வரி. ஆட்களை எடுத்தாயிற்று.

2 ஆகஸ்ட்
பேப்பரில் வந்துவிட்டது. பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருக்கிறோம். கிடைத்த இரண்டு பெனால்டியையும் வீணடித்திருக்கிறார்கள். இரண்டையும்! பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடினார்களாம், லண்டனே அதிசயப்பட்டதாம். டீக்கடையில் அதே விருமாண்டி, "நம்மாளுக காலு இரும்புக் காலுடா" என்று மார்தட்டுகிறான். பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சத்தமாக வாசித்தேன், அம்மா காதில் விழட்டும் என்றே. தோற்றோமா ஜெயித்தோமா என்று அவள் கேட்கவில்லை.

"போன பிள்ளைக எல்லாம் திரும்பிட்டாகளா?" என்றாள்.

"கப்பல்ல வருவாக. அதைப் பத்தி உனக்கென்ன?"

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் எதையும் நேரலடா. கடுதாசி வந்துச்சுன்னு நீ சொன்னப்பதான் வாயில வந்துச்சு. நீ பூக்குழியில இறங்கையில ஒண்ணே ஒண்ணு வேண்டிக்கிட்டேன். எம்பிள்ள கப்பல் ஏறக் கூடாதுன்னு."

அப்பா ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது நடந்தே ஊருக்குப் புறப்பட்டார் என்று சேதி வந்தது. அவர் வரவில்லை. தெரியாமலா இருக்கிறேன்? அதற்காக?

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "ஊரே என்னையப் பாவின்னு சொல்லுச்சே! எல்லாம் தெரிஞ்சும் அம்புட்டுப் பேருக்கு முன்னால 'என்னடா தப்புப் பண்ணுன'ன்னு நீயும் கேட்டியே! உனக்கு மனசாட்சி இருக்கா?"

அம்மா கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"ஊரு ஏசுச்சு. ஆமா. நீ இங்கன உசுரோட இருந்து கேட்டேல்ல?"

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. கஞ்சியைக் குடித்தேன்.