பள்ளத்தாக்குக்குப் போகாத தண்ணீர்

இன்று காலை கொம்யூன் பஞ்சாயத்து ஆள் வந்து நம் தெருத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டுப் போனார். நான்கு நாள் மழைக்குப் பிறகு வழக்கமாகச் செய்வதுதான். குழாயைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. நம் ஊர் போலகத்தில் மற்ற வீடுகளுக்கு அது மழைக்காலத்து வாசனை. எனக்கு அது நீங்கள் காபூலிலிருந்து வந்து பெட்டியைத் திறக்கும் வாசனை. சட்டை, துண்டு, எனக்கென்று வாங்கி வந்த பாதாம் பொட்டலம் எல்லாவற்றிலும் குளோரின் மாத்திரையின் நெடி ஊறியிருக்கும். நான் முகத்தைச் சுளித்தால், "அங்க ஒரு வீட்டுல இந்த வாசனை வந்தா, அன்னைக்கு அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு வயித்தால போகாதுன்னு அர்த்தம்" என்பீர்கள்.

குடம் நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றிருந்தேன். நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வாரம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதையும் ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதை என் பக்கத்திலிருந்து நான் சொல்லி நீங்கள் கேட்டதில்லை.

கடல் பொங்கி வந்த அந்த டிசம்பரில் நீங்கள் போர்வெல் கம்பெனியில் மேற்பார்வையாளர். மண்டபத்தூர்ப் பக்கம் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று காட்ட ஆள் தேடியது. நீங்கள் போனீர்கள். ஒரு மாதம் மீனவர் குடியிருப்புகளிலேயே கிடந்தீர்கள். உலகத்தில் இருக்கிற எல்லா நாட்டுக் கொடியும் நம் கடற்கரைத் தார்ப்பாய்களில் பறந்தது அப்போது. பிற்பாடு, எல்லாம் கைவிட்டுப்போன நாட்களில், நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். "நம்மகிட்ட வந்தப்ப ஒருத்தன்கூட உங்களை யார் ஆளுறாங்கன்னு கேக்கல. தாகமா இருக்கான்னு மட்டும்தான் கேட்டான்."

அந்த நிறுவனமே உங்களைக் கொஞ்ச வருடம் கழித்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. நான் சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலையை விட்டு வரமாட்டேன் என்றேன். நீங்களும் வற்புறுத்தவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை மூன்று வாரம் வருவீர்கள். மற்ற நாட்களில் போன். அந்தப் போனில்தான் எனக்கு பரீதா அறிமுகமானாள்.

பரீதா உங்கள் குழுவில் கணக்கெடுப்புக்குப் போகிறவள். இருபத்தைந்து வயது இருக்கும். வீடு வீடாக உள்ளே போய்ப் பெண்களிடம் பேசி, எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எந்த ஊற்று கோடையில் வற்றும் என்று எழுதிக்கொண்டு வருவாள். "அவ உள்ள போகலன்னா பாதி ஊரு எனக்குத் தெரியாது. ஆம்பளைங்களுக்கு எங்கேருந்து தண்ணி வருதுன்னே தெரியாது, குடிக்க மட்டும்தான் தெரியும்" என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கும் அவளுக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நாங்கள் பேசிக்கொள்வோம். நீங்கள் சொல்லிக்கொடுத்த 'அக்கா'வும் 'சாப்டீங்களா'வும் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். ஒருமுறை கடல் பார்த்ததே இல்லை என்றாள். மறுநாள் சாயங்காலம் நான் காரைக்கால் கடற்கரைக்குப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எப்ப நிக்கும் அக்கா?" என்று கேட்டாள். நிற்காது என்றேன். அவள் நம்பவில்லை.

காபூல் துப்பாக்கிக்காரர்கள் கையில் விழுந்த அன்று நீங்கள் இங்கே விடுப்பில் இருந்தீர்கள். நம் மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்த மாதம் அது. தொலைக்காட்சியில் விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்களைக் காட்டினார்கள். நீங்கள் உட்காரவே இல்லை. போனைச் சார்ஜரோடு காதில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாகவே நின்றீர்கள். பரீதா கிடைத்தபோது ஒரு நிமிடம்தான் பேசினாள். அலுவலகம் பூட்டியிருக்கிறது, துப்பாக்கியோடு வாசலில் இருவர் நிற்கிறார்கள், வராதீர்கள் என்றாள்.

அதன் பிறகு தூதரகங்கள் மூடின. அந்த நாட்டுப் பணம் வெளிநாட்டு வங்கிகளில் முடங்கியது. பெரிய பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து உலகம் கூட்டம் போட்டது. நீங்கள் காபி குடித்துக்கொண்டே அறிக்கைகளைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். ஆழ்ந்த கவலை. மிக ஆழ்ந்த கவலை. "இவங்க கவலை ஆழமாயிட்டே போவுது. நம்ம போர்வெல் ஐநூறு அடியிலயே நின்னுடுச்சு" என்றீர்கள் ஒரு நாள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இருந்தாலும் வேலை நிற்கவில்லை. மாடி அறையில் கணினி வைத்துக்கொண்டு இங்கிருந்தே பார்த்தீர்கள். மலைக்கு மேலே ஓர் ஊற்று. அதிலிருந்து பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களுக்குக் குழாய். பாதிக்கு மேல் பதித்தாகிவிட்டது. தொட்டி கட்டி, கடைசி ஊர்வரை கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. பரீதா அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போய்வந்தாள். அடுத்த கோடைக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று நீங்கள் சுவரில் படம் வரைந்து ஒட்டியிருந்தீர்கள்.

அப்போதுதான் அங்கே புதிதாக ஆள வந்தவர்களின் உத்தரவு வந்தது. தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது.

மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து உங்களுக்குக் கூட்டம். எத்தனையோ நாட்டு ஆட்கள் திரையில். ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வதா, பெண்களைத் திரும்ப விடும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவைப்பதா என்பதுதான் பேச்சு. இடைவேளையில் கீழே இறங்கி வந்தீர்கள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டீர்கள். கூடவே, "நான் அந்தப் பிள்ளைய அனுப்பாம குழாய மட்டும் போட்டா என்ன தப்புன்னு யோசிக்கிறேன்" என்றீர்கள்.

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவளை வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு, அவ எழுதிக் குடுத்ததை வச்சு நீங்க வேலை பார்ப்பீங்களா? நல்லா இருக்குங்க" என்றேன்.

நீங்கள் மேலே போனீர்கள். அந்த வார்த்தையை அப்படியே கூட்டத்தில் சொன்னீர்கள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அதைக் கேட்டு ஒரு பெண் அழுதாராம். அதுவரை தயங்கியவர்களும் நிறுத்திவைப்பது என்ற பக்கம் வந்துவிட்டார்களாம். "ரெண்டு வாரத்துல இறங்கி வருவாங்க பாரு" என்று சொல்லி, அன்று ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொண்டீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போது ஒளிப்பதற்கில்லை.

அவர்கள் இறங்கி வரவில்லை. இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அதற்குள் வேறு போர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. நிறுத்திவைத்த வேலை என்று எழுதியிருந்த பட்டியல் மூடிய வேலை என்று மாறியது. ஊற்றிலிருந்து புறப்பட்ட குழாய் நடுவழியில் வாயில் துணி அடைத்துக் கிடந்தது.

பரீதா கூப்பிட்டது பங்குனியில். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டீர்கள். அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், எனக்காக நிறுத்தினீங்கன்னு சொன்னாங்க. என்னைக் கேட்டீங்களா?"

"பரீதா, அது..."

"நான் வீட்டுல உக்காந்து வரைபடம் போட்டிருப்பேன். அண்ணன் போயிருப்பான். என்னை வெளியே விடாதது அவங்க. தண்ணிய விடாதது நாம."

அடுத்து அவள் சொன்னதை எழுதக் கை வரவில்லை. கடைசி ஊரில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்தான் முதன்முதலில் கதவைத் திறந்து அவளை உள்ளே உட்காரவைத்துக் கணக்குக் கொடுத்தவள். ஆடு மாடு இறங்கும் வாய்க்கால் தண்ணீரைத்தான் இன்னும் குடித்துவந்தார்களாம். அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்த மருந்தகமும் வெளிநாட்டு உதவி நின்றதால் மூடிக் கிடந்ததாம்.

நான் மருந்து கொடுப்பவள். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் எங்கள் நிலையத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். ஜனங்கள் வாங்கிக்கொண்டுபோய் வழியில் போட்டுவிட்டுப் போவார்கள். அழுக்குத் தண்ணீர் ஒரு குழந்தையை எத்தனை மணி நேரத்தில் கொண்டுபோகும் என்று தெரிந்த நான்தான் அன்று அவரைக்காய் நறுக்கியபடி அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் கடிதம் எழுத ஆரம்பித்தீர்கள். எந்தெந்தத் தலைநகரங்களுக்கோ. பதில் வந்தால், உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்று வரும். ஒருவர் மட்டும் கொஞ்சம் மனசுவிட்டு எழுதியிருந்தார். உதவி கொடுத்தால் துப்பாக்கி வைத்திருப்பவன் கை பலப்படும், கொடுக்காவிட்டால் ஜனம் சாகும், எங்களுக்கும் வழி தெரியவில்லை என்று. நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள். "ரெண்டும் சரிதான் சொல்றான். நடுவுல குழாய் கிடக்குது" என்றீர்கள். சொந்தச் செலவில் போகிறேன் என்றுகூடக் கேட்டுப் பார்த்தீர்கள். விசா கொடுக்க யாரும் இல்லை. போய் இறங்கினாலும் கூட நிற்க ஆள் இல்லை.

என்னை நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன். தட்டு வைக்கும்போது, கொசுவலை கட்டும்போது, இப்போது சொல்வார், நீதானே சொன்னாய் என்று கேட்பார் என்று. ஒருநாள் பொறுக்காமல் நானே, "நான்தாங்க சொன்னேன்" என்றேன். நீங்கள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே, "நீ வீட்டுல சொன்ன. கூட்டத்துல சொன்னது நான்" என்றீர்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அப்புறம் நீங்கள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. போன ஐப்பசியில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள்.

பரீதாவுக்கு நான்தான் சொன்னேன். அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறாள். அவள் வீட்டைவிட்டு வெளியே போய் எத்தனையோ மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் மூடியதால் வீட்டில் இருக்கும் அண்ணன் மகள்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பிள்ளைகள், இதைப் படித்து என்ன செய்வது என்று கேட்கிறார்களாம். அண்ணன் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தானாம். குழாயை ஜனங்களே தோண்டி எடுத்துவிட்டார்கள். குளிருக்கு விறகு வாங்க விற்றிருக்கிறார்கள். கடைசி ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

இதைச் சொல்லிவிட்டுப் போன வாரம் அவள், "சார் அந்தக் கூட்டத்துல எனக்காகப் பேசினதைப் பிறகு ஒருத்தர் எழுதிக் காட்டினாங்க அக்கா. அப்ப எனக்குக் கோபம். இப்ப அதை மடிச்சுப் பெட்டியில வச்சிருக்கேன். உலகத்துல எனக்காகன்னு நடந்தது அது ஒண்ணுதான்" என்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை. "அது அவர் வார்த்தை இல்ல பரீதா. என் வார்த்தை. அடுப்படியில ஏதோ வேலையில இருந்தப்ப யோசிக்காம சொன்னது" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தது. பரீதா அதைச் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"இன்னைக்கு உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்க அக்கா?"

குழாயைப் போடச் சொல்வேன் என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தை நினைத்தேன். வீட்டுக்குள்ளேயே அவள் கழித்த நாட்களை நினைத்தேன். அந்தக் காகிதத்தையும் அவளிடமிருந்து பிடுங்குவதா? சரி, நிறுத்தச் சொல்வேன் என்று சொல்லலாம் என்றால், கடைசி ஊரில் அந்த இரண்டு குழந்தைகள். ஒன்றும் சொல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "பரவாயில்ல அக்கா. எனக்கும் தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போய்வருகிறேன். பேருந்தில், மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில், இலை போட்டுத் தனியாகச் சாப்பிடும்போது, ஒவ்வொரு முறையும் ஒரு பதிலைப் பிடித்து அதிலேயே நிற்கப் பார்க்கிறேன். நிற்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வழி தெரியாதபோது மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கேட்டீர்கள். நான் இப்போது எந்தப் படி ஏறிப் போய் யாரைக் கேட்பது?