கைலி முடிச்சு

இன்று காலை போட்டாதாங் தேநீர்க்கடையில், கிடங்கில் வேலைபார்க்கும் நம் தெருக்காரர் ஒருவர் எழுந்து நின்று கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். துணி நிறைய மிஞ்சியது. அதையெல்லாம் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மச்சான், இது உன்னால் வந்த வியாதி.

நீ கூடைப்பந்தில் கார்டு. பந்தைக் கொண்டுபோய் ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கிறவன். அதற்காகவே ஒரு கம்பெனி உனக்குச் சம்பளம் கொடுத்தது. நான் வேறொரு கம்பெனி அணியில் உன்னை மறிக்கிறவன். ஒரே தெருவில் குடியிருந்தும் களத்தில் உன்னை ஒரு நாளும் நம்பியதில்லை. நாம் மோதிய முதல் இறுதியாட்டத்தில் நீ இடது மூலையையே ஏக்கமாகப் பார்த்தாய். நான் அங்கே பாய்ந்தேன். பந்து வலப்பக்கம் போய்க் கூடையில் விழுந்தது. கோப்பை உங்களுக்குப் போனது.

மறுநாள் நீயே தேநீர் வாங்கிக் கொடுத்துச் சொன்னாய்: "கண்ணப் பாக்காத மச்சான். இடுப்பப் பாரு. அது பொய் சொல்லாது."

எதிராளி எதற்காகத் தன் குட்டைத் தானே உடைக்க வேண்டும்? இதுவும் உன் தில்லுமுல்லுதான் என்று முடிவுகட்டினேன். அடுத்த வருடமும் கண்ணையே பார்த்தேன். அடுத்த வருடமும் தோற்றேன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாயே, அதை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

இப்போது பையன்கள் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் எறிந்தால் அதற்கு 'கோஜி பாஸ்' என்று பெயர். 'கோஜி' என்றால் பர்மியப் பேச்சில் பெரியண்ணன்; அந்தப் பெரியண்ணன் நீதான். உன்னிடமே நேரில் கற்றதாக ஆளாளுக்கு அளக்கிறார்கள். பாதிப்பேர் நீ ஆடியதைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

ஆட்டத்தை விட்ட சில வருடங்களில் உன் கைலி முடிச்சு பெருத்துக்கொண்டே வந்தது. கேட்டால் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, "தொப்ப கரைஞ்சிருச்சு, நல்லதுதான?" என்பாய். உனக்குத் தொப்பை எப்போது இருந்தது? பிறகு ஒரு நாள் கியாக்தானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாய். பஸ்ஸில் ஏறுமுன் என் கண்ணை நேராகப் பார்த்து, "அடுத்த வாரம் வந்துருவேன்" என்றாய்.

அந்தப் பார்வைதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. வாழ்நாளில் நீ பார்த்த பக்கம் பந்து போனதே இல்லை. அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன்.

கதவைத் திறந்த உன் தங்கை என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள். உள்ளே படுத்திருந்த நீ தலையைத் தூக்கினாய்.

"எப்படிடா கண்டுபுடிச்ச?"

"நேராப் பாத்தியே, பாவி."

"இத்தன வருஷத்துல இப்பத்தான்டா என்னைய மறிச்சிருக்க" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் பழைய சிரிப்பையும் மன்னித்துவிட்டேன். கடைசிவரை உன் கட்டிலை விட்டு நகரவில்லை.

இன்று அந்தத் தெருக்காரரிடம் உடம்பு எப்படி என்று கேட்டேன். "எனக்கென்னண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்று என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்.

இன்னும் இரண்டு தேநீர் சொல்லிவிட்டு, அவர் மேசைக்கு மாறி உட்கார்ந்தேன்.