என் கடை வாசல் வேகத்தடையை எடுக்க வேண்டாம்

அனுப்புநர்:
மா. யுவராணி,
ஈரமண் பாட்டரி ஸ்டுடியோ,
கடற்கரைச் சாலை, அக்காள்மடம்,
இராமேஸ்வரம் தீவு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள் (சாலைகள்),
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: அக்காள்மடம் கடற்கரைச் சாலையில் எனது ஸ்டுடியோ வாசலில் உள்ள வேகத்தடையை அகற்றும் பணியை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. அதே வேகத்தடையை உடனே அகற்றக் கோரி நான் கொடுத்த புகார் மனு.
2. வரும் திங்கட்கிழமை அது அகற்றப்படும் என்ற தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருளையும் பார்வையையும் சேர்த்துப் படித்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக நான் இருந்ததே இல்லை. அதற்குக் காரணம் தங்கள் வேகத்தடைதான் என்பதைக் கீழ்க்காணும் விவரங்களால் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் மண்பாண்டச் சக்கரத்தில் கை வைத்ததில்லை. வேலைக்குப் போன ஊரில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டு, மோட்டார் சக்கரமும் கேஸ் சூளையும் வாங்கி, இங்கே கோப்பை, தட்டு, கிண்ணம் வனைந்து, மெருகு பூசிச் சுட்டு விற்கிறேன். கடை போட்ட புதிதில் என் அய்யா வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, வத்தல் வித்தாக்கூட வாங்க ஆளு வரும். இங்கன ஒரு காக்காயும் எட்டிப் பாக்கலையே" என்றார். அவர் சொன்னது உண்மை. கடற்கரைக்குப் போகும் சுற்றுலா வேன்கள் என் போர்டின் முதல் எழுத்தைப் படிப்பதற்குள் பறந்துவிடும்.

2. இந்த நிலையில்தான் என் வாசலுக்கு நேரே வேகத்தடை போடப்பட்டது. போட்டவர் நல்ல மனதோடு தாராளமாகவே போட்டிருந்தார். அதன் மேல் வேன் ஏறி இறங்கும்போதெல்லாம் 'தொம்' என்று ஒரு சத்தம். ஈரக் கிண்ணம் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் என் கை துள்ளும். கை துள்ளினால் கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்துவிடும். காதில் பஞ்சு வைத்தும் பார்த்தேன். சத்தம் காது வழியாக வராமல் தரை வழியாக வந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் தர்மராஜ் அண்ணன் மட்டும், "பாப்பா, எனக்கு வடை நல்லாப் போகுது" என்று சந்தோஷப்பட்டார். நான் வயிற்றெரிச்சலில் தங்களுக்குப் புகார் எழுதினேன். அந்தப் புகாரில் ஒரு வரியும் பொய்யில்லை என்பதை இன்றும் உறுதி கூறுகிறேன்.

3. நெளிந்த கிண்ணங்களை வழக்கமாகத் தண்ணீரில் கரைத்து மறுபடி களிமண்ணாக்கிவிடுவேன். ஒருமுறை சூளை நிறையவில்லை. பாதிச் சூளையைப் பற்றவைத்தாலும் கேஸ் முழுதாகத்தான் எரியும் என்பதால், இடத்தை அடைக்க நெளிந்தவற்றையும் உள்ளே அடுக்கினேன். கடல்நீல மெருகில் அவை வெந்து வந்தன. கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகட்டும் என்று வாசலில் போட்டு வைத்தேன்.

4. கீழக்கரையைச் சேர்ந்த மலிகா அக்காவின் கார் அன்று வேகத்தடைக்காக நின்று நிதானித்தது. இறங்கி வந்தவர், உள்ளே நான் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்த நேரான கிண்ணங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோழிக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, நெளிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, "மாஷா அல்லாஹ், விரலு வைக்கவே எடம் விட்டுச் செஞ்சிருக்கியேம்மா!" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இருந்தாலும் மறுத்துப் பேசவில்லை. மகள் கல்யாணத்துக்கு வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் தொதல் அல்வா வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே ஆர்டர் கொடுத்தார். ஐயா, அன்று சூளையைச் சுற்றி நான் ஆடியதைத் தர்மராஜ் அண்ணன் பார்த்துவிட்டார். அவரைச் சாட்சியாக விசாரிக்கலாம்.

5. வேண்டுமென்றே விரலால் நெளித்தால் ஆகாதா என்று தாங்கள் கேட்கலாம். நெளிவு வந்த கதையைச் சொல்லி, அப்படியும் ஒன்று செய்து காட்டினேன். மலிகா அக்கா ஒரே பார்வையில், "இது நீயா அமுக்குனது. அது தானா வந்தது. எனக்கு அதுதான் வேணும்" என்று தள்ளி வைத்துவிட்டார். சத்தம் பழகிவிட்டால் கை துள்ளாதே என்ற கவலையும் வேண்டாம். வேன் வருவது கண்ணில் படாதபடி, சக்கரத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். இப்போதும் ஒவ்வொரு முறையும் நன்றாகவே பதறுகிறேன்.

6. கல்யாண ஆர்டரில் பாதிதான் முடிந்திருக்கிறது. மற்ற கடைகளிலிருந்தும் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். வேகம் குறைந்த வேன்களிலிருந்து எட்டிப் பார்த்து இறங்குகிறவர்களும் உண்டு. சென்ற வாரம் அய்யா வந்து, கடைக்குள் நிற்க இடமில்லாமல் வெளியே நின்றார். இந்த நேரம் பார்த்துத் தங்கள் கடிதம் வந்தது. புகார் கொடுத்தால் யார் கண்டுகொள்வார்கள் என்று ஊரே சொன்னது. தாங்கள் கண்டுகொண்டுவிட்டீர்கள். தங்கள் சுறுசுறுப்பைப் பாராட்டுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கலாம் என்று பணிவுடன் குறைபட்டுக்கொள்கிறேன்.

ஆகவே ஐயா, பார்வை ஒன்றில் கண்ட என் மனுவைத் தள்ளுபடி செய்து, திங்கட்கிழமை வரவிருக்கும் இயந்திரத்தை வேறு எங்காவது அனுப்பி, வேகத்தடையை இருந்த இடத்திலேயே இருக்கவிட வேண்டும். இரவில் வருகிறவர்களுக்குத் தெரியும்படி வெள்ளைப் பட்டை அடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. உயரத்தை மட்டும் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மா. யுவராணி

இடம்: அக்காள்மடம்
நாள்: 12.09.2025

இணைப்பு: கிண்ணம் ஒன்று, நேரில் ஒப்படைக்கப்படுகிறது. இதை அன்பளிப்பாகக் கருதாமல் ஆதாரமாகக் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும். கோப்பில் இருக்கும்போதே டீ குடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் புகாரை விசாரிக்கக் கடந்த மாதம் தாங்கள் வந்த ஜீப் வேகத்தடையில் ஏறி இறங்கிய நொடியில் சக்கரத்தில் இருந்தது இந்தக் கிண்ணம்தான். இதில் உள்ள நெளிவு தாங்கள் போட்டது. கட்டைவிரலை வைத்துப் பார்க்கவும்.