ஒட்டப்பட்ட பதினெட்டுப் பக்கங்கள்

அனுப்புநர்
மா. காளிச்சாமி, எம்.எஸ்ஸி., பி.எட்.,
விலங்கியல் முதுகலை ஆசிரியர்,
வெங்கடம்மாள் நினைவு மேல்நிலைப் பள்ளி (அரசு உதவி பெறுவது),
செங்கரடுப்புதூர், பொள்ளாச்சி வட்டம்.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் நூலில் பரிணாமச் சான்றுகள் பாடத்தைப் பசை பூசி மறைக்க உத்தரவிட்ட பள்ளிச் செயலாளரைப் பதவி நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளிச் செயலாளர் திரு. வரதராஜுலு அவர்கள் காங்கேயம் காளைகள் வளர்ப்பதில் பேர் பெற்றவர். என் தந்தை மாசாணம் அவருடைய தொழுவத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சாணி அள்ளியவர். எந்தக் கன்றை இனத்துக்கு வைத்துக்கொள்வது, எதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டுவது என்று செயலாளர் பொறுக்குவதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். 1996 ஆகஸ்டில் பரிணாமப் பாடத்தைத் தொடங்கிய அன்று, மாணவர்களுக்குப் புரியட்டும் என்று அதையே உதாரணமாகச் சொன்னேன். நம் செயலாளர் ஐயா மூன்று தலைமுறையில் செய்வதை, பொறுக்க ஆளே இல்லாமல் இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்கிறது என்றேன். அவரைப் புகழ்வதாகத்தான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2. மறுநாளே அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை. "ஏனப்பா, என்ற காளையையும் கொரங்கையும் ஒரே பாடத்துல கட்டிப்போட்டயாமா? அது எங்கூட்டுக் குலதெய்வம் குடுத்ததப்பா" என்றார். பாடத்தையே நடத்தக் கூடாது என்றார். பொதுத் தேர்வுக்கு வருமே என்றேன். "அதெல்லாம் வராது, விசாரிச்சுப்போட்டேன். பக்கத்தைக் கிழிச்சாத்தான் குத்தம். ஒட்டிப்போட்டா ஒண்ணுமில்ல" என்றார். என் பணி நியமன ஒப்புதல் கோப்பு அப்போது அவர் மேசையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேதான் பேசினார்.

3. வகுப்பின் நாற்பத்தொரு புத்தகங்களிலும் அந்தப் பாடத்தின் பதினெட்டுப் பக்கங்களை ஒட்டியது யார் என்று தாங்கள் கேட்பீர்கள். நான்தான் ஐயா. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். மைதாப் பசையைப் பூச்சி அரிக்காமலிருக்க மயில் துத்தம்கூடக் கலந்தேன். அவ்வளவு ஒழுங்காகச் செய்தேன்.

4. அந்த வகுப்பில் ஹுமேரா என்றொரு மாணவி. தந்தை அப்துல் வஹீது பொள்ளாச்சியில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். கால்நடை மருத்துவம் படிப்பதே அவளுடைய ஒரே ஆசை. அடுத்த வகுப்புக்கு ஆட்டின் முன்னங்கால் எலும்புகள் வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், வேகவைத்து, சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, வெள்ளை வெளேரென்று செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த அடுத்த வகுப்பு நடக்கவேயில்லை.

5. அன்று நடத்தாத பாடத்தைத் தங்களிடமாவது சொல்லிவிடுகிறேன், பொறுத்தருள வேண்டும். ஆட்டின் முன்னங்காலில் மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு. அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், ஆனால் இரண்டென்று தெரியும். பிறகு சின்னச் சின்ன எலும்புகள், அப்புறம் விரல்கள். நம் கையிலும் அதே வரிசைதான். வௌவாலின் இறக்கையிலும் அதேதான், விரல்கள் மட்டும் குடைக்கம்பி மாதிரி நீண்டிருக்கும். ஓடவும் பறக்கவும் எழுதவும் தனித்தனியாகச் செய்திருந்தால் ஒரே எலும்பு வரிசை எதற்கு? எல்லாம் ஒரே மூதாதையின் வழி வந்தவை என்பதற்கு அது சான்று. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. பாறையின் அடுக்கு கீழே போகப் போக உயிர்கள் வேறாகின்றன. அவ்வளவு தூரம் எதற்கு? செயலாளரின் பருத்திக் காட்டிலேயே பத்து ஆண்டுகளுக்கு முன் மருந்துக்குச் செத்த காய்ப்புழு இன்று அதே மருந்துக்குச் சாவதில்லை. மருந்துக்குத் தப்பியவற்றின் வாரிசுகள்தான் இப்போது காடு முழுக்க. அவர் மருந்துக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

6. 1997 மார்ச் தேர்வில் பத்து மதிப்பெண் வினா: முன்னங்கால் எலும்புகளைப் படம் வரைந்து, அவை பரிணாமத்துக்கு எவ்வாறு சான்றாகின்றன என விளக்குக. நாற்பது பேர் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். ஹுமேரா படத்தை மட்டும் வரைந்திருக்கிறாள். ஒன்றரை மதிப்பெண்ணில் அவளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் போயிற்று. இப்போது தட்டச்சு வகுப்புக்குப் போகிறாள். கடைவீதியில் பார்த்தபோது அவள் சொன்னது: "எலும்பெல்லாம் எனக்குத் தெரியுங்க சார். அது எதுக்குன்னுதான் நீங்க சொல்லித் தரவே இல்லீங்க." அவள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

7. செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "கறிக்கடைக்காரன் புள்ளைக்கு மாட்டு வைத்தியம் எதுக்கப்பா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த மனு. புகாரில் இப்படி எழுதக் கூடாதென்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்: அவர் தலைகுனிந்து நிற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

8. இந்த ஆண்டின் முப்பத்தெட்டுப் புத்தகங்களும் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டன. சென்ற வெள்ளியன்று செயலாளர் வீட்டிலிருந்து மைதா மாவும் வந்துவிட்டது. நான் தொடவில்லை. வாய்மொழி உத்தரவு என்று அவர் தப்பிக்க முடியாது. பாடவேலைப் பதிவேட்டில் "பரிணாமம் – செயலாளர் உத்தரவுப்படி நீக்கம்" என்று நான் எழுதியதன் கீழ், படித்துப் பாராமலே கையெழுத்திட்டிருக்கிறார். அதுவும் பச்சை மையில். அரசு உயர் அலுவலர்களுக்கே உரிய அந்த மைக்கு அவருக்கு உரிமை உண்டா என்பதையும் தாங்கள் விசாரிக்கலாம். நகலும், ஒட்டிய புத்தகம் ஒன்றும் இணைத்துள்ளேன்.

9. ஆகவே, பெற்றோர் அனைவர் முன்னிலையிலும் பள்ளியிலேயே விசாரணை நடத்தி, அவரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்துல் வஹீது முன்வரிசையில் அமர வேண்டும். இதனால் ஹுமேராவுக்கு இடம் திரும்பக் கிடைக்காது என்பதை அறிவேன். கேட்பது நியாயம்கூட இல்லை ஐயா, தண்டனை.

10. ஒட்டிய கைக்கும் தண்டனை உண்டு என்பதால் என் பணிவிலகல் கடிதத்தையும் இத்துடன் வைத்துள்ளேன். கையெழுத்திட்டிருக்கிறேன், தேதி மட்டும் எழுதவில்லை. அவரை நீக்கும் ஆணையில் எந்தத் தேதி இடப்படுகிறதோ, அதையே தாங்கள் இதிலும் இட்டுக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாள் முன்னதாகக்கூட நான் இந்தப் பள்ளியை விட்டுப் போக மாட்டேன்.

இடம்: செங்கரடுப்புதூர்
நாள்: 21.07.1997

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மா. காளிச்சாமி